மூன்றரைச் சிரிப்பு

"சந்தேகமே வேண்டாம் மேடம். இது காதல் கடிதம்தான்!"

கல்லூரி முதல்வர் அந்தக் காகிதத்தை மேஜைமீது விரித்து, அது ஏதோ பறந்து ஓடிவிடும் என்பதுபோல நான்கு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்தார்.

அண்ணி குனிந்து பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பதினைந்து வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். இப்போது பிழை செய்தவர்களைத் துப்பறிந்து பிடிக்கிறார். நான் அவருடைய நாத்தனார், உதவியாளர், ஸ்கூட்டர் ஓட்டி. தேவைப்பட்டால் பேச்சுத் துணை. தேவைப்படாவிட்டாலும் பேச்சுத் துணை.

மேஜைமீது இருந்தது ஒரு வரைபடம். பத்து வருடங்களில் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டியது. ஆனால் கோடு இடது ஓரத்தில் விருட்டென்று மேலே பாய்ந்து, காகிதத்தின் விளிம்பில் முட்டி, கூரையேறிய பூனை இறங்க வழி தெரியாமல் உலாத்துவதுபோல அங்கேயே கடைசி வரை ஓடியிருந்தது. அடியில் ஆண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் 'வாரம்' என்று இருந்தது. அதற்கும் கீழே, தலைப்பு. கல்லூரியின் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால், ஆங்கில எழுத்தில் இரண்டு தமிழ் வார்த்தைகள். உன் சிரிப்பு.

"யாருடைய சிரிப்பு சார்?" என்றார் அண்ணி.

"அது தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்? இன்னிக்கு நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. பதினோரு மணிக்கே இதோட ஒரு பிரதியைத் தலைவர் வீட்டுக்கு அனுப்பிட்டேன். படிச்சுப் பார்க்காம!" முதல்வர் தலையில் அடித்துக்கொண்டார். "அவர் போன் பண்ணி வாழ்த்தறார். முதல் வார்த்தை ரெண்டே எழுத்துதானே? அவர் அதை 'யு.என்.'னு படிச்சுட்டார். ஐக்கிய நாடுகள் சபையோட சிரிப்புத் திட்டம் நம்ம கல்லூரிக்குக் கிடைச்சிருக்காம். விவரமா விளக்கணுமாம்!"

நான் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். அண்ணி செருப்பு நுனியால் என் காலை மிதித்தார்.

"விளக்கும்போது என்ன சொல்லப் போறீங்க?"

"உண்மையை. யாரோ விஷமம் பண்ணிட்டாங்கன்னு. யாருன்னு கேட்பாங்க. பேர் கிடைக்கலைன்னா, மெஷினைப் பார்த்துக்கிற அந்தப் பொண்ணு பேரைத்தான் சொல்லணும். அவளையும் அனுப்பிடுவாங்க, கம்ப்யூட்டர் அறைக்கும் பூட்டுப் போட்டுடுவாங்க. மணி இப்ப ரெண்டு."

"ரெண்டு மணி நேரம் போதும்," என்றார் அண்ணி.

வெளியே வந்ததும் கேட்டேன். "போதுமா அண்ணி?"

"போதாது. ஆனா அதை அவர்கிட்ட சொன்னா இன்னும் பத்து நிமிஷம் புலம்புவார். அந்த நேரமும் குறையும்."

*

கம்ப்யூட்டர் அறை குளிர்சாதனத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. பீரோ அளவில் மூன்று பெட்டிகள், ஒன்றில் சட்டி சட்டியாக டேப் சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு பெரிய பலகை. அதன்மேல் ஒரு பேனா, பிடிப்பார் இல்லாமல் தானே வழுக்கி வழுக்கி ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதுதான் பிளாட்டர். பேனா வட்டத்தை முடித்து, தன்னைத்தானே தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"தட்டாதீங்க, அதுக்கு ஏற்கெனவே தலைக்கனம்," என்றாள் புரோகிராமர். இருபத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். மேஜைமீது அவளுடைய டிபன் டப்பா, குடை, ஸ்வெட்டர் மூன்றும் ஒரு பையில் தயாராக இருந்தன.

"மூட்டை கட்டியாச்சா?" என்றார் அண்ணி.

"நாலு மணிக்கு அவசரமா கட்டறதுக்கு இப்பவே நிதானமா கட்டிடலாம்னு."

எனக்கு அவளை அந்த நொடியே பிடித்துப்போனது.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு அச்சு இயந்திரம் தெரியும். இது தெரியாது. என் நாத்தனாருக்குப் புரியற மாதிரி சொல்லு. அவளுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

"போன மாசம் வரைக்கும் அஞ்சு துறையும் வரைபடம் போட ஆளுக்கொரு மென்பொருள் வெச்சிருந்தாங்க மேடம். டிஸ்க்ல இடமே இல்ல. கல்லூரிகள் சேர்ந்து பயன்படுத்தற நல்ல மென்பொருள் ஒண்ணை டேப்ல வரவழைச்சேன். அதைப் பொது இடத்தில ஒரே பிரதியா ஏத்தினேன். யார் வேணும்னாலும் கூப்பிட்டுக்கலாம். ஏத்தி மூணு வாரம் ஆச்சு. நல்லாத்தான் ஓடிச்சு." அவள் உதட்டைக் கடித்தாள். "தலைப்பு என்ன, அளவு எதிலிருந்து எதுவரைக்கும்னு அமைப்புகள் எல்லாம் ஒரு கோப்புல இருக்கும். ஆளுக்கொரு கோப்பு கொடுத்திருக்கணும். இடத்தை மிச்சப்படுத்தறேன்னு அதையும் பொதுவா வெச்சுட்டேன். யாராவது தலைப்பு கொடுக்காம ஓட்டினா, முன்னால ஓட்டினவங்க தலைப்பு அதில ஒட்டிக்கும்."

"ஹாஸ்டல்ல பத்துப் பேருக்கு ஒரே சீப்பு," என்றேன் நான். "முன்னால வாரினவ முடி அடுத்தவ தலையில."

"அதேதான்க்கா!"

"ஊருக்குப் புரிஞ்சாச்சு," என்றார் அண்ணி. "முதல்வர் படத்தை யார் ஓட்டினது?"

"நான்தான். காலைல ஒன்பது மணிக்கு. தலைப்பு கொடுக்கல, அளவும் கொடுக்கல. ஓட விட்டுட்டு டேப் மாத்தப் போனேன். அதுக்குள்ள ஆபீஸ்ல இருந்து வந்தவர் படத்தை எடுத்துட்டுப் போயிட்டார்."

"அப்ப, உனக்கு முன்னால வாரினது யாரு?"

"அதுதான் தெரியல. எட்டு மணிக்கு ஒருத்தர் 'பொது' கணக்கில நுழைஞ்சிருக்காங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கடவுச்சொல். படத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆனா அவங்க அடிச்ச எண்களை அழிக்க மறந்துட்டாங்க."

அண்ணியின் மூக்கு விடைத்தது. இது நல்ல சகுனம். "காட்டு."

அந்த ஆள் அடித்தது அடித்தபடியே அச்சடித்துக் கொடுத்தாள். மொத்தம் முப்பத்தோர் எண்கள். முதலில் 0.00, 0.00, 0.00 என்று வரிசையாக ஆறு முட்டை. பிறகு ஒரு 1.00. அடுத்தது 2.00, 2.00. கொஞ்சம் தள்ளி 3.00. அதற்குப் பின் 3.50. உடனே 4.00. அப்படியே படியேறி, கடைசியில் 8.00.

"வாரத்துக்கு இத்தனை தடவை சிரிச்சான்னு கணக்கு வெச்சிருக்கான் பாவி," என்றேன். "முதல் ஆறு வாரம் அவ திரும்பியே பார்க்கல. அப்புறம் ஒரு சிரிப்பு. இப்ப எட்டுக்கு வந்துட்டா. இன்னும் ரெண்டு மாசத்தில கல்யாணப் பத்திரிகை. ஆனா அதென்ன அண்ணி மூணரைச் சிரிப்பு? உதட்டோரமா சிரிச்சாளா?"

அண்ணி பென்சிலால் ஒவ்வோர் எண்ணாகத் தட்டிக்கொண்டே போனார். "அளவு எதுவரைக்கும் கொடுத்திருக்கான்?"

"பூஜ்யத்திலிருந்து இருபது வரைக்கும் மேடம். அதனாலதான் முந்நூறு, நானூறு மாணவர்கள் எல்லாம் காகிதத்துக்கு மேல முட்டிக்கிட்டாங்க."

"எட்டுதான் அதிகபட்சம். எட்டை வரையறதுக்குப் பத்து போதும். ஏன் இருபது?"

"பேராசைக்காரன்," என்றேன்.

"இன்னொண்ணு பார். எண் எங்கேயாவது இறங்குதா?"

பார்த்தேன். இறங்கவில்லை. ஏறியது, நின்றது, ஏறியது. ஒருமுறைகூடக் கீழே வரவில்லை.

"உன் அண்ணனைக் கட்டி இருபது வருஷம் ஆச்சு," என்றார் அண்ணி. "என் சிரிப்பை வரைஞ்சா எப்படி இருக்கும்?"

"மாசக் கடைசியில பள்ளம், அவன் சமைச்ச அன்னிக்குக் கிணறு."

"எந்தப் பொண்ணோட சிரிப்பும் ஏறும், இறங்கும். இது இறங்கவே இல்ல. இது அரையா வந்து முழுசாகுது. வந்தது திரும்பிப் போறதில்ல. எல்லை இருபது." அண்ணி என் பக்கம் திரும்பினார். "உன் பையனுக்கு முதல் பிறந்த நாள் போட்டோ எடுத்தோமே. அப்ப எத்தனை?"

"எத்தனைன்னா என்ன அண்ணி?"

"பல்லு!"

நான் விரல் விட்டு எண்ணினேன்.

"எட்டு," என்றேன் நான். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "மேல நாலு, கீழ நாலு."

"பால் பல் மொத்தம்?"

"இருபது!" என்று கத்தினாள் புரோகிராமர். "அப்ப மூணரைங்கறது…"

"நாலாவது பல்லு பாதி எட்டிப் பார்த்த வாரம்." அண்ணி எழுந்தார். "காதலி இல்ல. குழந்தை. இந்தக் கல்லூரியில ஒரு வயசுக் குழந்தை யாருக்கு இருக்கு?"

"இயற்பியல் லேப் உதவியாளருக்கு. அந்தப் போட்டோவைப் பார்க்காதவங்க இந்தக் கட்டடத்திலேயே கிடையாது."

*

லேப் உதவியாளரிடம் நாங்கள் கேள்வி கேட்கவே இல்லை. "குழந்தை" என்றவுடன் சட்டைப் பையிலிருந்து போட்டோ வந்தது. பர்ஸிலிருந்து இன்னொன்று. அலமாரிக் கதவின் உட்புறம் மூன்று.

"பல்லு எத்தனை?" என்றார் அண்ணி.

"நேத்து ராத்திரி வரைக்கும் ஆறு. காலையில ஈறு தடிச்சிருந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போன் பண்ணினேன், இன்னும் வெளிய வரலையாம். மறுபடி மூணு மணிக்குப் பண்ணுவேன். நீங்க இருந்து கேட்டுட்டுப் போங்களேன்!"

நாங்கள் தப்பித்து வராந்தாவுக்கு வந்தோம். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. உள்ளே அவர் போனைச் சுழற்றும் சத்தம் கேட்டது.

"போச்சு," என்றேன். "ஆறு பல்லுக்காரர். எட்டுப் பல்லுக்காரரை எங்க தேடறது? ஒவ்வொரு வீடா போய் குழந்தைங்களை 'ஈ' காட்டச் சொல்லலாமா?"

"போகல. கிடைச்சிருக்கு. வீட்டில குழந்தை இருக்கிறவன் எப்படி எண்ணுவான்னு இப்ப பார்த்தியே. மணிக்கு ஒரு தடவை! நம்ம ஆள் வாரத்துக்கு ஒரே ஒரு தடவை எண்ணறான். ஏன்?"

"வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியுது."

"அதோட, இவர் ஊருக்கெல்லாம் காட்டறார். அவன் காலைல எட்டு மணிக்கு, ஆள் வர்றதுக்கு முன்னால, பொதுக் கணக்கில ஒளிஞ்சு நுழைஞ்சு, படத்தைச் சுருட்டிக்கிட்டு ஓடறான். குழந்தையைப் பார்க்கப் போறதே ரகசியம்."

பேசிக்கொண்டே நடந்த அண்ணி சட்டென்று நின்றார். நான் அவர் முதுகில் மோதினேன். எங்கள் எதிரே ஒரு மூடிய கதவு. 'கணிதத் துறைத் தலைவர்' என்று பலகை. அதன் கீழே ஒட்டியிருந்த அறிவிப்பை அண்ணி அச்சகத்தில் புரூஃப் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தார்.

"மாணவர்கள் 10.00 மணிக்கு மேல் வரக் கூடாது. ஒரு சமயத்தில் 2.00 பேருக்கு மேல் உள்ளே வரக் கூடாது. 5.00 நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது."

"ரெண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பேரா? பேர்ல என்ன அண்ணி தசமம்? கால்வாசி ஆளா யார் வருவா?"

"அந்தப் பொண்ணு கொடுத்த பட்டியலை எடு."

எடுத்தேன். 0.00. 1.00. 2.00. 8.00. இவ்வளவு நேரம் என் கண்ணெதிரே கிடந்த பூஜ்யங்கள்! முழுப் பல்லுக்குக்கூட இரண்டு தசமம் போடும் மனிதர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

"இவரா? பலகை ஓரத்தில மாணவர்கள் 'சிடுமூஞ்சி'ன்னு கிறுக்கி வெச்சிருக்காங்களே? பல்லே இவருக்கு ஆகாதே!"

"நீ பேசாதே. கணக்குல தப்பு விட்டா பொறுக்காத ஆளு. அது ஒண்ணு போதும்."

கதவைத் தட்டினோம். உள்ளே, ஈட்டிபோல நிமிர்ந்து உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார் பேராசிரியர். அறுபதை நெருங்கிய வயது. சிவப்புப் பேனா. சிரித்துப் பழகாத வாய்.

"மணி பத்துக்கு மேல ஆச்சு," என்றார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்," என்றார் அண்ணி சர்வசாதாரணமாக. "ஒரு வயசு தாண்டின குழந்தை, முப்பத்தொண்ணாவது வாரக் கணக்குப்படி, ஏழு பல்லு."

"எட்டு!" என்றார் பேராசிரியர்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. சிவப்புப் பேனா கையிலிருந்து நழுவி, யாரோ ஒரு மாணவனின் விடைத்தாளில் உருண்டு நீளமாகக் கோடு போட்டது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"யார் சொன்னா உங்களுக்கு?"

"நீங்கதான் சார். இப்ப."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ஈட்டி வளைந்துவிட்டது. "என் பொண்ணு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்ககிட்ட சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டா. வீட்டு வாசலை மிதிக்காதேன்னுட்டேன். என் வீட்டுக்காரியையும் போகக் கூடாதுன்னு சொன்னேன். அவ அழுதா. கணக்கு கணக்குதான்னேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டாமலே கையில் வைத்துக்கொண்டார். "ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் மாறி ஏறி அவ இருக்கிற தெருவில இறங்கிட்டேன். ஜன்னல்ல குழந்தை. என்னைப் பார்த்துச் சிரிச்சது. பல்லே இல்லாம."

"அதுதான் முதல் பூஜ்யமா?" என்றேன். என்னையறியாமல் குரல் மெல்லியதாகிவிட்டது.

"அன்னியிலிருந்து எல்லா ஞாயிறும் நடைப்பயிற்சின்னு சொல்லிட்டு அவ வீட்டுக்குப் போறேன். நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். இந்த மென்பொருள் வந்ததும் கையை வெச்சுக்கிட்டு இருக்க முடியல. வரைஞ்சு பார்த்தா எப்படி ஏறுதுன்னு…" நிறுத்தினார். "இது வெளிய தெரியக் கூடாதும்மா. என் வீட்டுக்காரி இங்கதான் நூலகர். அவளைத் தடுத்துட்டு நான் மட்டும் ஒளிஞ்சு ஒளிஞ்சு போனேன்னு தெரிஞ்சா, அவ முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"நாலு மணிக்கு அந்தப் புரோகிராமர் பொண்ணை அனுப்பப் போறாங்க சார். உங்க தலைப்புக்காக."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. முகம் வெளுத்தது. "எந்தப் பொண்ணு? அந்த மென்பொருளை ஏத்தினவளா? அவ தப்பு இதில எத்தனை சதவீதம்?"

"முடிவு பண்ண இன்னும் முப்பத்திரண்டு நிமிஷம் இருக்கு," என்றார் அண்ணி.

"முப்பத்தொண்ணு," என்று கடிகாரத்தைப் பார்த்துத் திருத்தினார் பேராசிரியர். கோட்டை மாட்டிக்கொண்டார். பேனாவை மூடினார். கதவைத் திறந்தார்.

*

முதல்வர் அறையில் புரோகிராமர் தன் பையைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஜன்னலருகே ஓர் அம்மாள், குழுவினருக்கான ஆண்டறிக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் நூலகச் சாவி தொங்கியது.

பேராசிரியர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணி," என்று கிசுகிசுத்தேன், "வீட்டுக்காரம்மா!"

"தெரியுது."

"திரும்பிடப் போறார்."

"மாட்டார்," என்றார் அண்ணி. ஆனால் அவர் கை என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தது.

பேராசிரியர் திரும்பவில்லை. மேஜைவரை நடந்தார். கோட்டின் உட்பையிலிருந்து எட்டாக மடித்த காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, முதல்வரின் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். படிப்படியாக ஏறும் கோடு. கீழே அதே தலைப்பு.

"இது என்னுடையது சார். காலைல எட்டு மணிக்குப் பொதுக் கணக்கில நுழைஞ்சு நான் வரைஞ்சது. என் பேத்தியோட பல்லு." அவர் ஜன்னல் பக்கம் பார்க்காமலே பேசினார். "கல்லூரி மெஷினைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தினது தப்பு. தண்டனையை எனக்குக் கொடுங்க. இந்தப் பொண்ணு அமைப்புக் கோப்பைப் பொதுவா வெச்சது பிழை. ஆனா திருத்தக்கூடிய பிழை."

"பத்து நிமிஷ வேலை சார்!" என்றாள் புரோகிராமர். "ஆளுக்கொரு கோப்பு போட்டுடறேன். உங்க படத்தையும் சரியா வரைஞ்சு கொடுத்துடறேன்."

முதல்வர் வரைபடத்தைப் பார்த்தார். பேராசிரியரைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். அவருடைய தொப்பை முதலில் குலுங்கியது, பிறகு தோள், கடைசியாகத்தான் சத்தம் வந்தது. "பல்லா? உங்களுக்கா? நீங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓடும்மா, போய் வரை! அந்தப் பையை இங்கேயே வெச்சுட்டு ஓடு!"

அவள் பையைப் போட்டாள், ஆனால் ஓடவில்லை. நாங்கள் யாருமே அசையவில்லை. ஏனென்றால் நூலகர் அம்மாள் கையிலிருந்த அறிக்கைகளை வைத்துவிட்டு மேஜையருகே வந்திருந்தார்.

அவர் கணவரைப் பார்க்கவில்லை. வரைபடத்தைத்தான் பார்த்தார். விரலால் கோட்டைத் தொட்டு, ஆறு பூஜ்யங்களைக் கடந்து, மூன்றரையில் ஒரு கணம் நின்று, கடைசிப் புள்ளிக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதான் நடைப்பயிற்சியா?" என்றார்.

பேராசிரியர் வாய் திறந்தார். ஒரு தசமம்கூட வெளியே வரவில்லை.

"கணக்கு தப்பு," என்றார் அம்மாள்.

"என்ன?"

"எட்டு இல்ல. ஒன்பது. நேத்து ஒண்ணு முளைச்சிடுச்சு."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். இருபது வருடத்தில் அண்ணி எதிர்பாராததைக் கேட்டு வாய் பிளந்து நான் பார்த்தது அன்றுதான்.

"நேத்து புதன்கிழமையாச்சே," என்றார் பேராசிரியர் திக்கித் திணறி. "புதன்கிழமை நீ புதுப் புத்தகம் பார்க்கக் கடைக்குல்ல போவே?"

"ஒரு வருஷமா எந்தப் புத்தகமாவது வாங்கிட்டு வந்தேனா? நீங்க கேட்டீங்களா?"

"அவ… நம்ம பொண்ணு… நீ வர்றதை அவ என்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே!"

"நீங்க வர்றதை என்கிட்ட மட்டும் சொன்னாளா? ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்துட்டுக் கமுக்கமா இருந்திருக்கா. உங்க பொண்ணுதானே, அழுத்தம் இருக்காதா?"

பேராசிரியரின் முகத்தில் ஏதோ நடந்தது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மறுபக்கம் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. பிறகு இரண்டும் சேர்ந்து வழிவிட்டன. அவர் சிரித்தார். புரோகிராமர் பயந்து ஓர் அடி பின்வாங்கினாள்.

"மேலயா, கீழயா?" என்றார்.

"கீழ. வலது பக்கம், கடைவாய்ப் பல்லு. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, இந்தாங்க." அம்மாள் ஆள்காட்டி விரலை நீட்டினார். "கடிச்சுக் காட்டினா."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். எங்கள் எல்லோர் முன்னாலும் மனைவியின் விரலைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பி, அந்தச் சின்னத் தடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஞாயிறிலிருந்து மூணு நாள்," என்றார் விரலை விடாமலே. "அப்படின்னா முப்பத்தொண்ணு புள்ளி நாலு மூணாவது வாரம்."